வண்டிச் சாயத்தின் வரலாறு: பழைய காருக்குப் புது மேனி தருவோர் அறிய வேண்டுவன

பொருள்களைப் பூச்சிட்டுக் காப்பது மனித குலத்தின் மிகப் பழைய கலைகளுள் ஒன்றாகும். மரம் உளுத்துப் போகாதிருக்கவும், இரும்பு துருவேறாதிருக்கவும், கண்ணுக்கு அழகாயிருக்கவும் மனிதன் எண்ணெயையும் பிசினையும் மண்ணையும் குழைத்துப் பூசி வந்திருக்கிறான். மோட்டார் வண்டியின் மேனியில் நாம் காணும் பளபளப்பு அந்த நீண்ட வரலாற்றின் அண்மைக் காலப் பகுதியே.

கோலாலம்பூரை அடுத்த அம்பாங் வட்டாரத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த கார்களை வீட்டு வாசல்தோறும் காணலாம். இயந்திரம் நன்றாயிருக்கும், சக்கரமும் குறையின்றி ஓடும். ஆனால் மேல்கூரையும் முன்மூடியும் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தாற்போல் காட்சியளிக்கும். பட்டறைக்குக் கொண்டு சென்றால் கூலி கைக்கு எட்டாது. ஆகவே உரிமையாளர் தாமே கடையில் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி வந்து அடிக்கிறார். சிலருக்கு வேலை செம்மையாக அமைகிறது. வேறு சிலருக்கோ, அரை மணி நேரத்திற்குள் பழைய சாயம் சுருங்கி, முதலைத் தோலைப் போல் எழும்பிவிடுகிறது. சாயம் கெட்ட சரக்கு என்று கடைக்காரர்மேல் பழி விழுகிறது. உண்மை யாதெனில், வெவ்வேறு காலத்தில் பிறந்த இருவகைச் சாயங்கள் ஒன்றன்மேல் ஒன்று பூசப்பட்டதே அதற்குக் காரணம். தம் வண்டியின் மேனியில் எந்தக் காலத்துச் சாயம் இருக்கிறது என்பதை அறியாமல் கை வைப்பவர் பொருளையும் உழைப்பையும் இழக்க நேரிடும். சில வேளைகளில் உடல்நலத்தையும் இழப்பர்.

அம்பாங் மண்ணும் மோட்டார் வண்டியும்

அம்பாங்கின் பெயர் நீரைத் தேக்கும் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததென்பர். 1857-ஆம் ஆண்டில் கிள்ளான் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பி வைத்தார். கோம்பாக் ஆறு வந்து கலக்குமிடத்தில் படகை விட்டிறங்கி, காட்டு வழியே நடந்து அம்பாங்கை அடைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியாயினர். எனினும் சுரங்கம் நிலைத்தது. அதைச் சார்ந்து கோலாலம்பூர் நகரம் எழுந்தது.

அந்த வெள்ளீயத்திற்கும் காரின் மேனிக்கும் நேரான தொடர்புண்டு. 1930-களிலிருந்து மேனாட்டு ஆலைகளில் காரின் இரும்புத் தகடுகள் சேரும் இடங்களை நிரப்பி மழமழப்பாக்க, காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை உருக்கித் தடவினர். அக்கலவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம். 1950-களின் நடுப்பகுதியில் பாலியெஸ்டர்ப் பட்டி புழக்கத்திற்கு வந்தபின்னரே பற்றாசின் ஆட்சி குன்றியது. இன்றும் மிகப் பழைய மாரிஸ் மைனர் போன்றதொரு காரின் சாயத்தைச் சுரண்டுபவர், இணைப்புகளில் சாம்பல் நிறமான இவ்வீயப் பூச்சைக் காணக்கூடும். தமிழர் பால் மரம் சீவி எடுத்த ரப்பரோ சக்கரத்திற்கு மட்டுமன்றிச் சாயப் பட்டறைக்கும் பயன்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அரக்கும் ஆளிவிதை எண்ணெயும்

எந்தச் சாயமாயினும் அதில் மூன்று உறுப்புகள் உண்டு. நிறத்தைத் தரும் தூள் நிறமி. அத்தூளைப் பற்றி நிறுத்துவது பிணைப்பான். இரண்டையும் இளக்கிப் பூசுவதற்கு உதவிப் பின் ஆவியாகிவிடுவது கரைப்பான். சாய வரலாறு என்பது பெரும்பாலும் பிணைப்பானின் வரலாறே.

ஆங்கிலத்தில் லாக்கர் என வழங்கும் சொல்லின் வேர் நம் நாட்டு அரக்கில் இருக்கிறது. வடமொழியில் லாக்ஷா எனப்பட்ட அரக்கு, வணிகர் வாயிலாக அராபிய மொழிக்கும் போர்த்துகீசிய மொழிக்கும் சென்று, ஐரோப்பாவில் பளபளப்பான பூச்சுகளுக்கெல்லாம் பொதுப் பெயராயிற்று. பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகை எளிதில் தீப்பற்றியதை அனைவரும் அறிவர். பிற்காலத்து லாக்கரும் தீக்கு உறவினதே என்பதைக் கீழே காணலாம்.

குதிரை வண்டிக் காலத்தில் ஐரோப்பிய வண்டிப் பட்டறைகள் ஆளிவிதை எண்ணெயில் நிறமியைக் குழைத்துப் பூசின. எண்ணெய் காற்றிலுள்ள பிராண வாயுவை ஏற்று மெல்ல இறுகும். ஒரு பூச்சுக் காய்ந்த பின் நீரும் நுரைக்கல்லும் கொண்டு தேய்த்து மறு பூச்சிடுவர். முடிவில் பிசின் வார்னிஷ் பூசுவர். ஒரு வண்டி முடியப் பல வாரங்களாகும். முதன்முதல் தோன்றிய மோட்டார்க் கார்களுக்கும் இம்முறையே கையாளப்பட்டது. அவ்வார்னிஷ் வெயிலில் மஞ்சளித்து வெடித்தது. ஓராண்டு, ஈராண்டிலேயே மறுபடி பூச வேண்டியதாயிற்று.

ஹென்றி ஃபோர்டு தம் மாடல் டி வண்டியை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார். நிலக்கீலும் எண்ணெயும் சேர்ந்த கறுப்புப் பூச்சு சூளையில் சுட்டால் விரைவாகக் காய்ந்தது, விலையும் குறைவு, உழைப்பும் தாங்கியது. வேறு நிறம் வேண்டினோர் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆலைகளிலோ, சாயம் காயும் வண்டிகளை நிறுத்தி வைக்கவே பரந்த கொட்டகைகள் தேவைப்பட்டன.

வெடிமருந்தில் பிறந்த சாயம்

இக்கட்டைத் தீர்த்தது போர்க்களத்துப் பொருள். 1846-ஆம் ஆண்டையொட்டி ஷேன்பைன் என்னும் விஞ்ஞானி பஞ்சை நைட்ரிக் அமிலத்தாலும் கந்தக அமிலத்தாலும் பதப்படுத்தி வெடிபஞ்சு செய்யும் முறையை வெளியிட்டார். முதல் உலகப் போரில் இது பெருமளவில் உற்பத்தியாயிற்று. போர் முடிந்ததும் ஆலைகளுக்கு வேலையில்லை. டூபான்ட் கம்பெனியின் இரசாயன அறிஞர்கள், வெடிபஞ்சின் இனத்தைச் சேர்ந்த நைட்ரோசெல்லுலோஸைக் கெட்டிக் கூழாகாமல் கரைத்து, நிறமியை மிகுதியாக ஏற்கும் திரவமாக்கும் வழியைக் கண்டனர். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் அதனைக் காருக்கு ஏற்றதாக்குவதில் முனைந்தார். டூக்கோ என்ற பெயரில் 1923-இல் ஓக்லண்ட் கார்மீது நீல நிறமாக அது வெளிப்பட்டது. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்காயிற்று. கறுப்பின் தனி ஆட்சி மறைந்தது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. எண்ணெய்ச் சாயம் இரசாயன மாற்றம் பெற்று இறுகுவது. மீண்டும் முற்றாகக் கரையாது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரோ கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்வது. மீண்டும் தின்னர் பட்டால் கரைந்துவிடும். ஆகவே பழைய லாக்கர்மீது புதிய லாக்கர் அடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று உருகிக் கலக்கும். பழுது பார்ப்பவருக்கு இது பேருதவி.

1920-களின் பிற்பகுதியில் அல்கைட் என்னும் செயற்கைப் பிசின் வந்தது. இதனை அடிப்படையாகக் கொண்ட எனாமல் சாயம், எண்ணெயைப் போலவே பிராண வாயுவை ஏற்று இறுகுவது, மெருகிடாமலேயே பளபளப்பது. 1950-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் லாக்கர் வந்து, வெயிலில் நிறம் மங்குவதைக் குறைத்தது. 1960-களில் ஃபோர்டு கம்பெனியில் ஜார்ஜ் புரூவர் என்பாரின் முயற்சியால், வண்டிக் கூட்டையே தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தால் அடிப்பூச்சைப் படியச் செய்யும் முறை தோன்றியது. தூரிகையும் தெளிப்பானும் எட்டாத மூலை முடுக்குகளிலும் பூச்சுப் படிந்ததால் துரு வெகுவாகக் குறைந்தது. 1980-களில், நிறப் பூச்சின்மேல் நிறமற்ற தெளிபூச்சு இடும் முறை எங்கும் பரவியது. இன்றைய கார்களின் மினுமினுப்பு அத்தெளிபூச்சினால் ஆனதே.

தொழிலாளியின் கருவிகள்

சாயம் மாறினால் கருவியும் மாறும். பழைய சாயத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தபோது எழுந்த ஈயத் தூசு தொழிலாளர்க்கு நஞ்சாயிற்று. 1921-இல், ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவரின் கண்டுபிடிப்பைக் கொண்டு 3எம் கம்பெனி நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தூசு அடங்கியது, வேலையும் மழமழப்பாயிற்று.

இரு நிறக் கார்கள் நாகரிகமானபோது, ஒரு நிறம் மற்றொன்றன்மேல் படாமல் மறைக்கச் செய்தித்தாளையும் பசையையும் பயன்படுத்தினர். பசையைப் பிரிக்கையில் சாயமும் பெயர்ந்து வந்தது. அமெரிக்காவில் செயின்ட் பால் நகரிலிருந்த பட்டறையொன்றில் தொழிலாளர் படும் தொல்லையைக் கண்ட ரிச்சர்ட் டுரூ என்னும் இளைஞர், 1925-இல் மறைப்பு ஒட்டுநாடாவை உருவாக்கினார். இயற்கை ரப்பரே பிற்காலத்தில் இத்தகைய நாடாக்களின் பசைக்கு முக்கியப் பொருளாயிற்று. தோட்டத்துப் பாலின் ஒரு துளி இவ்வாறு சாயப் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது.

சாயம் தெளிக்கும் துப்பாக்கியின் பிறப்பு இன்னும் வியப்பானது. ஒஹையோவைச் சேர்ந்த டாக்டர் டிவில்பிஸ் நோயாளியின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் 1907-இல் அதனைச் சாயம் தெளிப்பதற்கு ஏற்றவாறு மாற்றினார். 1949-இல் எட்வர்ட் சீமோர் என்பவர் சாயத்தை அழுத்த வாயுவுடன் சிறு டப்பாவில் அடைத்தார். காற்றழுத்தப் பொறியில்லாத எளிய மனிதனும் தன் வண்டிக்குத் தானே சாயம் தெளிக்கலாம் என்ற நிலை இந்த டப்பாவினாலேயே உண்டாயிற்று.

நம் நாட்டில்

ஃபோர்டு கம்பெனி 1926-இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு மலாயாவுக்கெனத் தனிக் கிளை நிறுவி, பாகங்களாக வந்த கார்களைப் பொருத்தி விற்றது. 1941-இல் புக்கிட் தீமாவில் அது கட்டிய ஆலையிலேதான் 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. மலேசியா அமைந்தபின், 1967-இல் ஷா ஆலம் பத்து தீகாவில் வோல்வோ கார்களைப் பொருத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1983-இல் புரோட்டோன் கம்பெனி நிறுவப்பட்டு, 1985 ஜூலையில் சாகா என்னும் முதல் தேசியக் கார் வெளிவந்தது. 1994-இல் பெரோடுவாவின் கன்சில் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு மாறியும் போன காலத்தில் பட்டணத்திற்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு அடுத்தபடியாக வாய்த்த முதல் கார் இவ்விரண்டில் ஒன்றாகவே இருந்தது. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. ஆகவே அவற்றின் மேனியைக் காப்பது வீட்டுப் பொருளாதாரத்தோடு தொடர்புடைய செய்தி.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுதும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் தலைக்கு மேலிருந்து பாய்கின்றன. அக்கதிர்கள் பிணைப்பானைச் சிதைக்கும்போது நிறமி பற்றுக்கோடின்றித் தூளாக உதிர்கிறது. இதுவே சுண்ணாம்பு பூத்தல். தெளிபூச்சு உள்ள கார்களில் மேல் தோல் அடியிலுள்ள நிறத்தினின்று பிரிந்து, பாம்புச் சட்டைபோல் உரிகிறது. இரண்டும் முதலில் மேல்கூரையிலும் முன்மூடியிலும் தோன்றுவதற்கு வெயில் நேரே படுவதே காரணம். உடைந்த சாயத்தின் வழியே மழைநீர் இறங்கினால் துரு பிடிக்கும்.

சாயத்தின் இனம் அறிதல்

முதற்கண், வண்டியைக் கழுவி, மெருகு மருந்தை வெள்ளைத் துணியில் தோய்த்து ஓரிடத்தில் தேய்க்க வேண்டும். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப் பூச்சுச் சாயம். ஒட்டாவிடில் மேலே தெளிபூச்சு உண்டென்று கொள்ளலாம். வெறும் சுண்ணாம்பு பூத்த ஒற்றைப் பூச்சாயின் மறுசாயமே வேண்டியதில்லை. மெருகிட்டால் அடியிலுள்ள நல்ல நிறம் வெளிப்படும்; பிறகு மெழுகு பூசிக் காக்கலாம். எத்தனையோ கார்கள் தேவையின்றிச் சாயம் அடிக்கப்படுகின்றன. தெளிபூச்சு உரிந்திருப்பின் மெருகினால் பயனில்லை.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத மறைவிடத்தில் லாக்கர்த் தின்னர் நனைத்த துணியைச் சற்று நேரம் வைக்க வேண்டும். சாயம் கரைந்து துணியில் வந்தால் லாக்கர். சுருங்கி எழும்பினால் அல்கைட் எனாமல். எவ்வித மாற்றமும் இல்லையாயின், சூளையில் சுட்ட ஆலைச் சாயமோ இரு கலவைச் சாயமோ ஆகும். எனாமல்மீது லாக்கர் அடித்தால், அதன் வலிய கரைப்பான் எனாமலை ஊறவைத்துச் சுருக்கிவிடும். தொடக்கத்தில் கூறிய முதலைத் தோலுக்கு இதுவே விளக்கம். லாக்கர்மீது எனாமல் அடிப்பதில் அத்துணை இடரில்லை. ஒவ்வாத சாயங்களுக்கிடையே தடுப்புப் பூச்சு இட்ட பின்னரே மேற்செல்ல வேண்டும்.

வேலையின் முறை

வண்டியின் நிற எண் இயந்திரப் பகுதியிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணைக் கொண்டே சாயம் வாங்குதல் நலம். ஆயினும் பழைய காரின் நிறம் வெளுத்திருக்குமாதலால், சுற்றுப்புறத்தை முன்னதாக மெருகிட்டுப் பின் நிறம் ஒப்பிட வேண்டும். வண்டியின் நிறத்தையே மாற்றினால், சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

சவர்க்காரத்தால் கழுவி, பழைய மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கியபின், துருவை இரும்பு பளிச்சிடும் வரை எடுக்க வேண்டும். துருவின்மேல் பூசிய சாயம் புண்ணின்மேல் போர்த்திய பட்டு. பள்ளமிருந்தால் பட்டி பார்த்து, 180-ஆம் எண் உப்புத்தாளால் உலர்வாகவே சமன் செய்யலாம். பாலியெஸ்டர்ப் பட்டி நீரை உறிஞ்சுமாதலால் அதனை நனைத்தல் தவறு; மழைக்குமுன் அடிப்பூச்சிட்டு மூடிவிட வேண்டும். பழைய சாயத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாதவாறு சரிவாகத் தேய்த்து, 320, 600 என எண்ணை உயர்த்திச் செல்ல வேண்டும். அடிப்பூச்சு நன்கு காய்ந்தபின் நிறத்தை மூன்று, நான்கு மெல்லிய பூச்சுகளாக இடைவெளி விட்டுத் தெளித்தல் வேண்டும். ஒரே கனத்த பூச்சு வழிந்து கண்ணீர்க் கோடிடும்.

நம் நாட்டுப் பருவத்திற்கென்று ஒரு விதியுண்டு. லாக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனியாகப் படிந்து, சாயத்தைப் பால்போல் வெளுக்கச் செய்கிறது. பிற்பகலில் இடிமழை திரளும் அம்பாங்கில் இது அடிக்கடி நேர்வது. ஈரம் குறைந்த முற்பகல் வேளையில், நேர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்தலே தக்கது. தாமதமாக ஆவியாகும் தின்னரும் இக்குறையைத் தவிர்க்கும்.

உயிருக்கு ஊறு

பழைய மஞ்சள், சிவப்புச் சாயங்களில் ஈயக் குரோமேட் இருக்கக்கூடும். பழைய துருத்தடுப்புப் பூச்சுகளில் செவ்வீயமும் குரோமேட் உப்புகளும் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அவ்வகைக் குரோமியம் புற்றுநோய்க்கு ஏதுவாகும். எனவே பழைய சாயத்தை நனைத்தே தேய்க்க வேண்டும். பட்டி தேய்க்கையில் தக்க தூசு முகமூடி வேண்டும். குழந்தைகள் விளையாடும் வாசலில் இவ்வேலை கூடாது. தேய்த்த கசடைக் கால்வாயில் விடுதலும் தவறு.

கெட்டியாக்கி சேர்த்துத் தெளிக்கும் இரு கலவைச் சாயத்தின் நிலை வேறு. அதில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் புகை மூச்சுக்குழலைத் தாக்கித் தீராத ஈளை நோயை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், மிகச் சிறிதளவும் மூச்சை அடைக்கும். மூக்கில் கட்டிய கைக்குட்டையும் சாதாரண முகமூடியும் இதனைத் தடுக்கமாட்டா. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியே காப்பு. ஆதலால் இவ்வகைச் சாயத்தை வீட்டில் தெளித்தல் அறவே தகாது. பட்டறைகளில் கூலிக்கு நிற்கும் இளைஞர்களும், அவர்களை வேலைக்கு அமர்த்துவோரும் இதனை அறிதல் இன்றியமையாதது. காருக்குக் கிடைக்கும் பளபளப்புக்கு ஒருவன் நுரையீரல் விலையாகலாகாது.

ஆளிவிதை எண்ணெய் முதல் தெளிபூச்சு வரை ஒவ்வொரு சாயமும் முன்னதன் குறையொன்றை நீக்கவே வந்தது. விரைவு வேண்டி லாக்கர் வந்தது. உழைப்பு வேண்டி எனாமல் வந்தது. மினுமினுப்பு வேண்டித் தெளிபூச்சு வந்தது. அவற்றின் வழியே வந்த புதுத் தீங்குகளையும் தொழிலாளியே முதலில் அனுபவித்தான். இவ்வரிசையை அறிந்தவர், தம் பழைய காரின் முன் நின்றதும், மெருகு போதுமா, தம் கையால் முடிக்கத்தக்க வேலையா, பட்டறைக்குரிய வேலையா என்பதைத் தாமே தீர்மானிக்கலாம். உயர்நிலைப் பள்ளியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பயிலும் நம் இளைஞர்கள் இக்கலையை அதன் இரசாயனத்தோடு சேர்த்துக் கற்பார்களாயின், பிழைப்புக்கு ஒரு தொழிலும் உடலுக்குக் காப்பும் ஒருங்கே பெறுவர்.